பீரோவில் கிடக்கும் கிரெடிட் கார்டு: வைத்துக்கொள்வதா, மூடுவதா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கிரெடிட் கார்டு வந்து சேர்கிற வழிகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படிப்பு முடித்த பிள்ளை சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் சம்பளக் கணக்கோடு சேர்த்து ஒன்று வந்திருக்கும். வண்ணார்பேட்டையில் ஃபிரிட்ஜ் வாங்கப் போன இடத்தில், "இந்தக் கார்டு போட்டா வட்டியில்லாத் தவணை, அண்ணாச்சி" என்று அங்கேயே ஆதாரையும் பான் கார்டையும் வாங்கி ஒன்று போட்டுக் கொடுத்திருப்பார்கள். டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனபோது அதன் பேரில் வங்கியே ஒன்று தந்திருக்கும். வந்த வேலை முடிந்ததும் கார்டு பீரோவுக்குள் போய்விடும். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால், "சும்மாதான கெடக்கு, கெடந்துட்டுப் போவுது" என்பார்கள்.

பாளையங்கோட்டையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஜூலை மாதம் பான் கார்டைத் தேடிப் பர்ஸைப் பிரிக்கிறவர்கள், அதற்குப் பின்னால் செருகியிருக்கும் இந்தக் கார்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள்: "இத மூடிரலாமா? மூடினா சிபில் போயிருமா?" இரண்டு கேள்வியும் சேர்ந்தே வரும். சிபில் என்பது நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பதிந்து மதிப்பெண் போடும் நிறுவனம்; அந்த மதிப்பெண்ணையும் ஊரில் சிபில் என்றே சொல்வார்கள். ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆளையும் கார்டையும் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடலாம். அந்த முடிவுக்கு எப்படி வருவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. கார்டை அப்படியே விட்டுவிடலாம். மாதம் ஒரு சின்னச் செலவை மட்டும் அதில் ஓட்டலாம். வருடக் கட்டணம் இல்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லலாம். அல்லது மூடிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் யோசிக்காமலே நடப்பது முதல் வழி. நான்கிலும் மோசமானது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்படியே விட்டால் என்ன ஆகும்

ஒரு ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். வருடக் கட்டணம் 499 ரூபாய் உள்ள சாதாரணக் கார்டு. வருடம் முழுக்க ஒரு பைசா செலவு இல்லை. பதின்மூன்றாம் மாதம் இரண்டு வரி வரும். 'வருடக் கட்டணம் 499.00' என்று ஒன்று, 'ஜிஎஸ்டி 18 சதவீதம் 89.82' என்று இன்னொன்று. மொத்தம் 588 ரூபாய் 82 காசு, கட்டவேண்டிய கடைசித் தேதியோடு. இதைப் பார்த்துக் கட்டிவிட்டால் நஷ்டம் அந்த 588 ரூபாயோடு போயிற்று.

பார்க்காமல் விடுவதில்தான் சிக்கல். சென்னையில் வேலை பார்த்தபோது வாங்கிய கார்டு என்றால் அதில் பதிந்திருப்பது வேளச்சேரி அறையின் முகவரி, அப்போது வைத்திருந்த செல் நம்பர், பழைய அலுவலகத்தின் மின்னஞ்சல். ஊருக்குத் திரும்பி வள்ளியூரில் கடை வைத்தாயிற்று, நம்பரும் மாறிவிட்டது. குறுஞ்செய்தி யாருக்கோ போகும். கடைசித் தேதிக்குப் பிறகு மூன்று நாள் வரை பொறுக்க வேண்டும், அதன் பிறகுதான் தாமதக் கட்டணமோ சிபிலுக்குத் தகவலோ போகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விவரமே தெரியாதவருக்கு அந்த மூன்று நாளால் என்ன பயன்? தாமதக் கட்டணம் ஏறும், அதற்கு ஜிஎஸ்டியும் ஏறும். கார்டைத் தொடாதவருக்கே சில மாதத்தில் பாக்கி ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

ரூபாய்க் கணக்கைவிட என்னை வருத்துவது வேறொன்று. சிபில் அறிக்கையை வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாக வரிசை இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் '000' என்றிருக்கும். கட்டாமல் விட்டால் 30, 60, 90 என்று எத்தனை நாள் பாக்கி என்பது எண்ணாக ஏறிக்கொண்டே போகும். பாக்கி 588 ரூபாயா ஐந்து லட்சமா என்பது அந்தக் கட்டத்தில் தெரியாது. நாலைந்து வருடம் கழித்து பெருமாள்புரத்தில் வீடு வாங்கக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அந்த 90தான். மாதத் தவணை ஒன்றுகூடத் தவறாத மனிதர், பயன்படுத்தாத கார்டுக்காக விளக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். இப்படி வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

"ஒரு வருஷம் தொடலன்னா அவங்களே மூடிருவாங்களாமே" என்று சிலர் சொல்வதுண்டு. பாதி சரி. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு விதிகளில் அது இருக்கிறது: ஓராண்டுக்கு மேல் பயன்படாத கார்டை மூடும் வேலையை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு வங்கி தொடங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் மூடிவிட வேண்டும். ஆனால் எல்லா பாக்கியும் தீர்ந்திருந்தால் என்ற நிபந்தனையும் அதே வரியில் உண்டு. வருடக் கட்டணம் பாக்கி நிற்கிற கார்டு தானாக மூடப்படும் என்று நம்பி இருக்க முடியாது. அதே விதி இன்னொரு பக்கமும் வெட்டும். பழைய கார்டு, கட்டணமும் இல்லை, சும்மா வைத்திருந்தால் சிபிலுக்கு நல்லது என்று நினைத்துத் தொடாமல் வைத்திருப்பவருக்கும் அந்த அறிவிப்பு வரும். பார்க்காமல் விட்டால் அவர் காப்பாற்ற நினைத்த கார்டு போய்விடும்.

மோசடியையும் சொல்ல வேண்டும். வங்கியின் தவறும் இல்லாமல் நம் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் கைவரிசை காட்டினால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அது 10,000 ரூபாய். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. இந்தப் பாதுகாப்பு முழுவதும் செய்தியைப் பார்க்கிறவருக்குத்தான். பழைய சிம்முக்குப் போகிற எச்சரிக்கையை வைத்துக்கொண்டு யாரும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய முடியாது.

அதனால் யார் வந்து கேட்டாலும் நான் முதலில் கேட்பது, "போன மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்க்க ஆள் இல்லாத கார்டை வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சிபில் பயம் எவ்வளவு நியாயம்?

கார்டை மூடினால் மதிப்பெண் குறையும் என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் யாருக்குக் குறையும் என்று பார்க்க வேண்டும்.

கணக்கு இப்படி. உங்களிடம் இரண்டு கார்டு. ஒன்றின் லிமிட் ஒன்றரை லட்சம், தொடாமல் இருக்கும் மற்றொன்றின் லிமிட் ஒரு லட்சம். மாதம் முதல் கார்டில் 60,000 ரூபாய் செலவு செய்கிறீர்கள். மொத்த லிமிட் இரண்டரை லட்சத்தில் 60,000 என்பது 24 சதவீதம். இரண்டாவதை மூடினால் அதே 60,000 ஒன்றரை லட்சத்தில் 40 சதவீதமாகிவிடும். செலவு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை, ஆனால் அறிக்கையைப் பார்க்கிறவருக்கு நீங்கள் கார்டை இழுத்துப்பிடித்துச் செலவு செய்கிறவராகத் தெரிவீர்கள். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சட்டம் இல்லை, ஒரு கைக்கணக்கு. ஆனாலும் நல்ல கைக்கணக்கு.

இதே இரண்டு கார்டு உள்ளவருக்கு மாதச் செலவு 15,000 ரூபாய்தான் என்று வைத்துப் பாருங்கள். 6 சதவீதம் 10 சதவீதமாகும். இதற்காகக் கவலைப்பட எதுவும் இல்லை. எங்கள் ஊரில் எனக்கு வாய்க்கிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பெட்ரோல், பிள்ளைகளின் துணிமணி, எப்போதாவது ரயில் டிக்கெட், அவ்வளவுதான் கார்டில். சென்னை, பெங்களூரு சம்பளக்காரர்களுக்குச் சொன்ன அறிவுரையை அப்படியே எடுத்துவந்து, அம்பாசமுத்திரத்து ஆசிரியையிடம் "மூடாதீங்க டீச்சர், சிபில் விழுந்துரும்" என்று பயமுறுத்துவது சரியில்லை.

முதல் வகையில் இருக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பயன்படுத்தும் கார்டின் லிமிட்டை உயர்த்தச் சொல்லிவிட்டு மற்றதை மூடலாம். அல்லது ஸ்டேட்மென்ட் போடுகிற தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம். வங்கி தகவல் அனுப்பும் நாளில் நிற்கும் பாக்கிதான் அறிக்கையில் ஏறும். 2025 ஜனவரி முதல் வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை என்பதை விட்டு, குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதால், இந்த மாற்றங்கள் முன்னைவிடச் சீக்கிரம் அறிக்கையில் தெரிகின்றன. இன்னொன்று, இரண்டு கார்டும் ஒரே வங்கியுடையது என்றால் பல இடங்களில் லிமிட் ஒன்றையே இரண்டுக்கும் பங்கு வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் ஒன்றை மூடுவதால் மொத்த லிமிட் குறையாமலேயே இருக்கலாம். கஸ்டமர் கேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

"பழைய வரலாறெல்லாம் அழிஞ்சுரும்" என்கிற பயத்துக்கு ஆதாரமே இல்லை. கடன் தகவல் நிறுவனங்கள் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் ஒழுங்காகக் கட்டிய அந்த '000' வரிசை, கணக்கு மூடப்பட்டது என்ற குறிப்போடு அங்கேயே இருக்கும்.

உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உங்கள் பேரில் வேறு கடனும் இல்லை, வேறு கார்டும் இல்லை, இருப்பது இந்த ஒன்றே ஒன்று என்றால் மூடாதீர்கள். அதை மூடினால் உங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வங்கிகளிடம் எதுவும் இருக்காது. நாளைக்கு பிள்ளையின் படிப்புக் கடனுக்குக் கூட்டுக் கையெழுத்துப் போடும்போது அது குறையாகத் தெரியும்.

இன்னொரு இடம், நேரம். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தம்பி, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்த கையோடு, கணக்கைச் சுத்தமாகக் காட்டவேண்டும் என்று பழைய கார்டை மூடப் போனார். நான் தடுத்தேன். கடன் கேட்பதற்குச் சில மாதம் முன்னாலிருந்து பணம் கைக்கு வரும்வரை கார்டு எடுக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். நடுவில் வருடக் கட்டணம் வந்தால் அந்த 588 ரூபாயைக் கட்டிவிட்டு இருங்கள். பல லட்சம் கடனில் கால் சதவீத வட்டி வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

வைத்துக்கொள்வதற்கு நல்ல காரணம் எது?

அவசரம். இந்த ஒரு காரணத்தை நான் எப்போதும் மதிக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சுவலி என்று பாளையங்கோட்டைக்கோ நாகர்கோவிலுக்கோ ஓடும்போது ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்பார்கள். நம் ஊரில் அவசரத்துக்கு எல்லாருக்கும் தெரிந்த வழி நகைக்கடன், ஆனால் அந்த நேரத்தில் எந்த வங்கி திறந்திருக்கும்? யுபிஐயில் அனுப்பக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். ஒன்றரை லட்சம் லிமிட் உள்ள கார்டு அந்த இரவில் உண்மையான துணை. கட்டவேண்டிய கடைசித் தேதிக்குள் நகையை வைத்தோ சேமிப்பை எடுத்தோ முழுதாகக் கட்டிவிட்டால் வட்டியும் கிடையாது. ஆனால் அதே கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும்.

அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் கார்டு அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும். தேதி முடிந்து மாற்றுக் கார்டு பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். ரகசிய எண் மறந்திருக்கும். ஆன்லைன் பயன்பாட்டைத் தொடங்கவே இல்லை என்றால் அது அணைந்தே இருக்கும், 2020 முதல் விதி அப்படி. லிமிட் 30,000 ரூபாய்தான் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் அது முதல் நாளுக்கே போதாது. ஆகவே அவசரத்துக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டாவது வழிக்கு வந்தாக வேண்டும்: மாதம் ஒரு சின்னச் செலவு.

எதைப் போடலாம்? செல்போன் ரீசார்ஜ் எல்லாவற்றிலும் வசதி. கரண்ட் பில் நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் போதும். ஆனால் செலுத்தும் இடத்தில் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் பிடிக்கிறார்களா என்று முதல் தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு ரூபே வகை என்றால் 2022 முதல் யுபிஐ செயலியில் இணைத்து மளிகைக் கடை கியூஆரிலேயே கட்டலாம். கடைக்காரரின் வணிகக் கணக்குக்குத்தான் போகும், தனி ஆளுக்கு அனுப்ப முடியாது. சுலபம்தான், ஆனால் சுலபமாக இருப்பதாலேயே கை நீளும் என்கிறவர்கள் இணைக்காமல் இருப்பதே நல்லது.

பிறகு சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் ஏற்பாட்டைப் போட்டுவிடுங்கள். அந்தப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: 'மொத்த நிலுவை', 'குறைந்தபட்சத் தொகை'. மொத்த நிலுவையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலப்பாளையத்தில் ஒருவர் தானாகக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். போய்க்கொண்டிருந்தது குறைந்தபட்சத் தொகை மட்டும், மீதிக்கு மாதாமாதம் வட்டி. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு டிக் இடம் மாறியதுதான்.

சலுகைக்காக வைத்திருக்கிறேன் என்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: போன வருடம் அந்தச் சலுகையை எத்தனை தடவை எடுத்தீர்கள்? விமான நிலைய ஓய்வறை வசதிக்காக வருடம் ஆயிரக்கணக்கில் கட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். நமக்குப் பக்கத்து விமான நிலையங்கள் வாகைக்குளமும் மதுரையும் திருவனந்தபுரமும். சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுகிற குடும்பத்துக்கு அந்தக் கார்டு எதற்கு? குறிப்பிட்ட ஒரு பெட்ரோல் கம்பெனியின் கார்டும் அப்படித்தான். நீங்கள் தினமும் போகிற வழியில் அந்தக் கம்பெனியின் பங்க் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் இல்லை. கார்டோடு வரும் விபத்துக் காப்பீட்டை நம்பி வைத்திருப்பவர்கள் நிபந்தனையைப் படியுங்கள்; சமீபத்தில் ஒரு தடவையாவது கார்டைப் பயன்படுத்தியிருந்தால்தான் செல்லும் என்று பல கார்டுகளில் இருக்கும்.

மூடுவதற்கு முன் ஒரு போன்

மூன்றாவது வழியான இலவசக் கார்டாக மாற்றுவது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, "கட்டணம் இருப்பதால் மூடப்போகிறேன், வருடக் கட்டணமே இல்லாத கார்டு ஏதாவது தருவீர்களா?" என்று கேளுங்கள். கொடுக்க முடிந்தால் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் இருப்பவரின் வேலை உங்களைத் தக்கவைப்பது, அதனால் "இந்த வருஷம் ஃபீஸ் வேண்டாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக வரும். இந்த வருடத்துக்கு மட்டுமா, ஆயுள் முழுக்கவா என்று தெளிவாகக் கேட்டு, சொன்னதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். ஆயுள் முழுக்க என்றால், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால், வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஒரு வருடம் மட்டும் என்றால் அடுத்த வருடம் இதே போனை மறுபடி செய்ய உங்களுக்கு நினைவிருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். லிமிட் பெரிதாக இருப்பது பயமாக இருந்தால் அதைக் குறைக்கச் சொல்லவும் உங்களால் முடியும்.

டெபாசிட்டின் பேரில் வாங்கிய கார்டில் இந்தப் பேச்செல்லாம் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் அப்படி வைத்திருக்கிறார்கள். கார்டு இருக்கும்வரை அந்த டெபாசிட் வங்கியின் பிடியில் இருக்கும், மகள் கல்யாணத்துக்கு உடைக்கப் போனால்தான் அது தெரியவரும். பயன்படுத்தாதவர்கள் மூடிவிட்டு டெபாசிட்டை விடுவித்துக்கொள்வதே எல்லா விதத்திலும் மேல்.

மூடுவது என்று முடிவான பிறகு

வரிசை முக்கியம். முதலில் மீதமிருக்கும் ரிவார்டு பாயின்ட்டுகளை எடுத்துவிடுங்கள், மூடியபின் அவை போய்விடும். கார்டில் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்கள், காப்பீட்டு பிரீமியம் எதையாவது ஓட்டியிருந்தால் வேறு கார்டுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாமல் மூடி, பிரீமியம் போகாமல் காப்பீடு நின்றுபோனால் அதுதான் பெரிய இழப்பு. தவணையில் வாங்கிய பொருளுக்குப் பாக்கி இருந்தால் அது தீர வேண்டும். உங்கள் கார்டின் கீழ் மகனுக்கோ மனைவிக்கோ துணைக் கார்டு இருந்தால் அதுவும் சேர்ந்தே மூடப்படும். வெளியூரில் படிக்கிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பழைய வருடக் கட்டணம், தாமதக் கட்டணம் என்று பாக்கி நிற்கிறதா? கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேளுங்கள், பல நேரம் ஒரு பகுதியாவது தருவார்கள். ஆனால் 'செட்டில்மென்ட்' என்ற பேரில், பாதி கட்டினால் போதும் என்று வசூல் ஆட்கள் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறினால், முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தவர் என்று பொருள். அது வருடக்கணக்கில் உங்கள் பின்னாலேயே வரும். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க இதற்கு ஒத்துக்கொள்வது பெரிய தவறு. கடைசித் தேதியைத் தாண்டிக் கட்டினால் நடுவில் ஏறிய கட்டணமோ வட்டியோ அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரும், அதையும் கேட்டுக் கட்டிப் பூஜ்யமாக்கிவிட்டு விண்ணப்பம் கொடுங்கள்.

கிளைக்கு நேரில் போகவேண்டும் என்றோ, தபாலில் எழுதி அனுப்ப வேண்டும் என்றோ யாராவது சொன்னால் அது சரியல்ல. வங்கியின் இணையதளம், செயலி, தொலைபேசி, மின்னஞ்சல் வழியாக மூடும் வசதி தரவேண்டும், தபாலில்தான் என்று வற்புறுத்தக்கூடாது என்று 2022 விதி தெளிவாகச் சொல்கிறது. நான் மின்னஞ்சலையே பரிந்துரைப்பேன், தேதி பதிவாகும். பாக்கி இல்லாத கணக்கை ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாண்டினால், மூடும்வரை ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தரவேண்டும். இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினாலே வேலை நகரும். மூடியதாகக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரும்; பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கார்டை, சிப் இரண்டாகும்படி வெட்டிப் போடலாம். கணக்கில் உங்கள் பணம் மிச்சம் இருந்தால் அதைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு.

முப்பது நாளுக்குள் கடன் தகவல் நிறுவனங்களுக்கும் அவர்கள் சொல்லியாக வேண்டும். ஒன்றரை மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். மூடிய தேதி ஏறியிருக்கிறதா, நிலுவை பூஜ்யமா என்ற இரண்டையும் பாருங்கள். தப்பாக இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே திருத்தம் கேட்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாளில் பதில் தராமல் இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு கிடையாது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். வங்கிக்கு முதலில் புகார் கொடுத்த தேதியும் அந்த மின்னஞ்சலும் கையில் இருக்கட்டும், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.